பிறந்த இடம்: விசாகப்பட்டினம்

2025 பிப்ரவரி 8, சனி

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பணிப்பதிவேடு என்று எதை எடுத்தாலும் ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் விசாகப்பட்டினம் என்றுதான் எழுதியிருப்பேன். நாற்பது வயதாகியும் அந்த ஊரை நான் பார்த்ததில்லை. என் இரண்டாவது வயதில், தம்பியை வயிற்றில் சுமந்தபடி அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு தென்காசிப் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். அப்புறம் அவளும் திரும்பிப் போகவில்லை.

அப்பா 1973இல், பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். எலக்ட்ரிக்கல் பிரிவு. கொஞ்ச வருடத்தில் தானாகவே கேட்டு நீர்மூழ்கிக்குப் போனார். பதினைந்து வருடம் முடித்து 1988இல் பெட்டி ஆபீசராக வெளியே வந்தார். மீதி வாழ்க்கை ஒரு வங்கிக் கிளை வாசலில் துப்பாக்கியோடு நின்றே கழிந்தது. போன வருடம் ஜனவரியில் இறந்துபோனார். இந்தத் தை மாதம்தான் முதல் தேவசம் கொடுத்தோம்.

குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்ததில்தான் இந்தப் பயணமே கிளம்பியது. சர்வீஸ் புத்தகத்தில் அம்மா பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகப் பதினோரு மாதம் ஓடினோம். போன இடத்தில் எல்லாம் “பழைய ரெக்கார்டு ஏதாவது இருக்கா?” என்றுதான் கேட்டார்கள். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது 1982ஆம் வருடத்துக் கேன்டீன் அட்டை ஒன்று கிடைத்தது. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் ஒரு வீட்டு முகவரி: மல்காபுரம், விசாகப்பட்டினம். அம்மா அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த வீட்டப் பாக்கணும்ளா” என்றாள். பிள்ளைகளிடம் இதுவரை எதையும் கேட்டிராதவள் அவள். தைப்பூச விடுமுறையோடு நான்கு நாள் லீவைச் சேர்த்துப் போட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து ராத்திரி ரயிலில் சென்னை. பகல் முழுக்க எழும்பூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீடு. சாயங்காலம் சென்ட்ரலில் அடுத்த ரயில். அம்மா புளியோதரையும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. அதற்குள் அப்பாவின் காகிதங்கள் அத்தனையும். “எதுக்கும்மா இது?” என்றேன். “எங்கனயாவது கேட்டா?” என்றாள். பதினோரு மாத அலைச்சல் அவளை அப்படிப் பழக்கிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இருட்டு விலகுகிற நேரத்தில் தொடையில் தட்டினாள். “ஏளா, எந்திரி. கோதாவரி வந்துட்டு. காசு எடு.” ராஜமுந்திரிப் பாலத்தில் ரயில் தடதடத்துக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் கரையே தெரியாமல் கிடந்தது. ஜன்னல் கம்பி வழியாக இரண்டு ரூபாய் நாணயத்தை விட்டெறிந்து கும்பிட்டாள். எதிர் சீட்டிலிருந்த தெலுங்கு அம்மாளும் அதே நேரத்தில் காசு போட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அப்புறம் அம்மா அவரோடு தெலுங்கில் பேசத் தொடங்கினாள்.

எங்கள் வீட்டில் யாருமே அவள் தெலுங்கு பேசிக் கேட்டதில்லை. கடைத்தெருவில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் உண்டு, அவர்களிடம்கூடப் பேசியதில்லை. இப்போது எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மகளுக்கு எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று சரளமாகப் போய்க்கொண்டிருந்தது. துனி தாண்டும்வரை பேச்சு ஓயவில்லை. அனகாபல்லியில் அந்த அம்மாள் இறங்கும்போது பையிலிருந்து ஒரு வெல்ல உருண்டையை எடுத்து அம்மா கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஊர் வெல்லத்துக்குப் பேர்போனதாம். “முப்பத்தொன்பது வருசமாச்சும்மா, எப்படி மறக்காம இருக்கு?” என்று கேட்டேன். “மறக்கதுக்கு என்ன இருக்கு? அங்க வேற யாருட்ட நான் தமிழ் பேச? ஒங்கப்பா கடலுக்குப் போனா இருவது நாள், ஒரு மாசம். கதவத் தொறந்தா தெலுங்குதான்.”

ஜகதாம்பா சந்திப்புக்குப் பக்கத்தில் அறை எடுத்தோம். வெயில் இருந்தாலும் காற்றில் சுகமான குளிர். குளித்துவிட்டுப் போய் உப்புமா வைத்த பெசரட்டு சாப்பிட்டோம். எழுபது ரூபாய். பச்சைப்பயறு மணக்க மணக்க, மேலே பொடியாக நறுக்கின இஞ்சி, வெங்காயம். தொட்டுக்கொள்ள இனிப்பும் காரமுமாக ஓர் இஞ்சிச் சட்னி. எனக்கு நாக்கு எரிந்தது. அம்மா இன்னும் ஒரு கரண்டி சட்னி கேட்டு வாங்கினாள். வீட்டில் பச்சை மிளகாயைக் கண்டாலே ஒதுக்கிவைக்கிறவள்!

மத்தியானம் முழுக்கத் தூங்கினோம். இரண்டு ராத்திரி ரயில் அவளுடைய முழங்காலைப் பதம் பார்த்திருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அப்பா வேலை பார்த்த ஐ.என்.எஸ். குர்சுரா இப்போது இங்கே ஆர்.கே. பீச்சில் மணல்மேல் நிற்கிறது. 1969 டிசம்பரில் சோவியத் நாட்டின் ரீகாவில் நம் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கிக் கப்பல் அது. முப்பத்தோரு வருடம் ஓடி, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அடுத்த வருடமே கரைக்கு இழுத்துவந்து அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். அதைத்தான் முதலில் பார்ப்பதாக இருந்தோம். ஆட்டோவில் போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறையாம். கிளம்பும் முன் அதைப் பார்த்துவைக்காதது என் தவறு.

ஆனால் அம்மாவுக்கு ஏமாற்றமே இல்லை. வேலிக்கு வெளியே நின்றபடி முன்னிருந்து பின்வரை பார்த்தாள். “இவ்ளோ பெருசா?” என்றாள். தொண்ணூற்றொரு மீட்டர் நீளம். அவள் முன்பு பார்த்ததெல்லாம், குடும்பங்களைத் துறைக்குள் விட்ட ஒரு நாளில் தண்ணீருக்கு மேலே தெரிந்த கறுப்பு முதுகு மட்டும். “எரும மாடு தண்ணில கெடக்க மாதிரி இருந்துது. மிச்சம் பூரா அடியில இருந்திருக்கு பாத்தியா.”

பக்கத்திலேயே 1971 போரின் நினைவுச்சின்னம். பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கி, அந்த டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி இதே துறைமுகத்தின் வாசலுக்கு வெளியே மூழ்கிப்போனது. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்ததாம். உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நம் ராஜ்புத் கப்பல் போட்ட குண்டில் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. உள்ளேயே ஏதோ வெடித்ததுதான் காரணம் என்பது அந்தத் தரப்பு. காஸி இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. சின்ன வயதில் தம்பி அப்பாவிடம் “நாமதானப்பா ஜெயிச்சோம்?” என்று குதித்துக்கொண்டு கேட்பான். “ஜெயிச்சோம்லே” என்பார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, “உள்ள இருந்தவன் எல்லாம் என்ன மாதிரி ஆளுதான்” என்பார்.

2013 ஆகஸ்ட் 14ஆம் தேதியும் நினைவுக்கு வந்தது. மும்பை துறையில் நின்றுகொண்டிருந்த நம் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து மூழ்கிப் பதினெட்டுப் பேர் இறந்துபோன நாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. டிவி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர் ராத்திரிவரை எழுந்திருக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. அன்றைக்கு நான் ஊரில்தான் இருந்தேன். “அவங்கள உங்களுக்குத் தெரியுமாப்பா?” என்று கேட்டதற்கு இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

மாலையில் அம்மா வழி சொல்ல, புருஜுபேட்டையில் கனகமகாலட்சுமி கோயிலுக்குப் போனோம். ஊருக்கே காவல் அந்த அம்மன்தான். கருவறைக்குக் கூரை கிடையாது. வெயிலோ மழையோ அவள் வானத்தின் கீழேதான் இருக்க வேண்டும். நம் கையாலேயே மஞ்சளும் குங்குமமும் இட்டுத் தொட்டுக் கும்பிடலாம். பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து அம்மன் காலடியில் கிடத்துவது இங்கே வழக்கம். எங்களுக்கு முன்னால் ஓர் இளம் ஜோடி, துணியில் சுற்றிய சிசுவைக் கிடத்திவிட்டுக் கைகூப்பி நின்றார்கள்.

“ஒன்னயும் இப்பிடித்தான் போட்டேன்” என்றாள் அம்மா. “நாப்பத்தஞ்சாம் நாளு. ஒங்கப்பா கடல்ல. வீட்டுக்காரம்மாதான் கூட வந்தாங்க. ஒன்னத் தூக்குனது அவுங்க, சூடம் காட்டுனது நான்.”

நான் பிறந்த நேரத்தில் அப்பா பக்கத்தில் இருந்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பல தடவை அப்படிச் சொல்லவும் சொல்லியிருக்கிறேன். யாரும் திருத்தியதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

காலையில் அறையிலேயே முருகன் படத்துக்கு முன் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, மல்காபுரத்துக்கு ஆட்டோ பிடித்தோம். முந்நூறு கேட்டவரிடம் அம்மா தெலுங்கில் பேசி இருநூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தாள். வழியில் ஐ.என்.எச்.எஸ். கல்யாணி, கடற்படை மருத்துவமனை. நான் பிறந்த இடம். ராணுவ வளாகம், சும்மா உள்ளே போய்விட முடியாது. ஓட்டுநர் எதிர்ப்பக்கம் ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நின்றார். மரங்களும் மதிலும் ஒரு சிப்பாயும் தெரிந்தார்கள். படம் எடுக்கக் கூடாதென்று பலகை இருந்ததால் எடுக்கவில்லை.

மல்காபுரத்தில் இறங்கியதும் வழி தவறியது. முகவரியில் இருந்த தெருப்பெயர் யாருக்கும் தெரியவில்லை. அட்டையில் போட்டிருந்த கதவு எண்ணும் இப்போது இல்லை. ஓட்டு வீடுகள் இருந்த இடமெல்லாம் மூன்று மாடி, நான்கு மாடி. போனில் வரைபடத்தைத் திறந்துவைத்து நான் இடமும் வலமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வெயில். அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு மருந்துக் கடைக்காரர் கேட்காமலேயே ஸ்டூலை எடுத்து வெளியே போட்டு, பாட்டிலில் தண்ணீரும் கொடுத்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயரக் குழாய், அதன் நுனியில் எரியும் தீ. “அந்தத் தீ நம்ம வாசலுக்கு வலது கைப்பக்கம் வரும்ளா. ராத்திரி மாடத்துல வெளக்கு வைக்காட்டாலும் வெளிச்சம் வரும். இப்ப இடது கையில நிக்கி. நாம ரோட்டுக்கு அந்தப் பக்கம் போணும்.” ரோட்டைத் தாண்டினோம். தீயை வலதுபக்கம் விட்டபடி அவள் முன்னால் நடந்தாள். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

இரண்டாவது சந்தின் முனையில் ஒரு வேப்பமரம், பக்கத்தில் அடிபம்பின் துருப்பிடித்த குழாய். அம்மா நின்றாள். “இதான்.” வீடு மாடி ஏறியிருந்தது. வாசலில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வடியம், அதாவது வடகம், காயப்போட்டுக்கொண்டிருந்தார். “எவரண்டி?” என்றார். அம்மா எதுவோ சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது ‘சப்மரின்’ என்ற சொல் மட்டும். அந்தப் பெண் கையிலிருந்த மாவோடு எழுந்துவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் முதுகெல்லாம் அரிசி மாவு.

வீட்டுக்காரம்மாவின் மகள் அவர். நாங்கள் இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தெருவில் எங்கள் வீட்டுக்குப் பெயரே ‘சப்மரின்வாள்ள இல்லு’, சப்மரின்காரர் வீடு என்றுதானாம். என்னைப் பார்த்து “பாப்பாவா?” என்று கேட்டு இரண்டு கன்னத்தையும் பிடித்தார். தன் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை நான். அவருடைய அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதைக் கேட்டதும் அம்மா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போன செய்தியை அம்மா சொன்னாள். அவர் அழுதார். ஒருவருடைய சாவுக்கு மற்றவர் அழுதுகொண்டார்கள்.

1997 செப்டம்பரில் அந்த ஆலையில் பெரிய வெடிவிபத்து நடந்து சுமார் அறுபது பேர் இறந்துபோனார்கள். ஊரே மூட்டைமுடிச்சோடு வெளியே ஓடியது என்று பேப்பரில் பார்த்துவிட்டு அம்மா இந்த முகவரிக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். தெலுங்கு அவளுக்குப் பேச மட்டும்தான் வரும், எழுத வராது. பதில் இல்லை. அன்றிலிருந்து இந்தக் குடும்பம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அவள் இருந்திருக்கிறாள். இதையும் நான் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். கடிதம் வந்ததாம். படிக்கத்தான் ஆளில்லை. யாரோ தமிழ்க்காரர் போட்டது என்று மட்டும் தெரிந்து, வீட்டுக்காரம்மா சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாராம். மாடி கட்டியபோது அது எங்கோ போய்விட்டது.

மத்தியானம் விடவே இல்லை. நாங்கள் வந்த பிறகுதான் உலை வைத்தார். கத்திரிக்காய்க் கூட்டு, முருங்கைக்காயும் பூசணியும் போட்ட புளிக்குழம்பு, கோங்கூரா, பொரித்த வடியம், கெட்டித் தயிர். பூசம் என்பதால் அம்மாவுக்குப் பகலில் ஒருவேளைச் சாப்பாடுதான், அந்த ஒருவேளையை இங்கேயே வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது கதைகள் வந்தன. கடலிலிருந்து அப்பா திரும்புகிற நாளில் தெருமுனையிலேயே டீசல் வாடை வந்துவிடுமாம். மூன்று தடவை தலைக்குக் குளித்தால்தான் போகும். பனியன் எல்லாம் மிளகு அளவு ஓட்டை விழுந்திருக்கும், பேட்டரி ஆசிட் தெறித்தது. வீட்டுக்காரம்மாவும் அம்மாவும் வாசலில் உட்கார்ந்து அதைத் தைப்பார்களாம். வரும்போது அப்பா கொண்டுவரும் டின் பாலைக் கரண்டியால் வழித்துத் தின்றதை அந்தப் பெண் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

‘புறப்படுகிறேன்’ என்று அப்பா சொல்ல மாட்டாராம், சொல்லவும் கூடாதாம். எங்கே போகிறார், எப்போது வருவார் எதுவும் தெரியாது. காலையில் எழுந்துபார்த்தால் ஆணியில் பை இருக்காது. அவ்வளவுதான். பை இல்லையென்றால் அன்று ராத்திரி வீட்டுக்காரம்மா, இந்த மகளை எங்கள் வீட்டில் படுக்க அனுப்பிவிடுவார். ‘சமுத்திரத்தில் மனிதன் இருக்கும்போது வீட்டில் பெண்பிள்ளை தனியாகப் படுக்கக் கூடாது’ என்பாராம்.

அப்பாவை ‘சர்வீஸ்மேன்’ என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். கொடிநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். இந்த வாசலில் உட்கார்ந்து பனியன் தைத்தவளை யாரும் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அது இன்று முழுக்க என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

மாலையில் குர்சுரா.

ஏறுவதற்குப் படிக்கட்டு இருக்கிறது. சிரமம் உள்ளே போன பிறகுதான். கப்பல் ஏழு அறைகள். ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் நடுவே வட்டமான சின்ன வழி. குனிந்து, ஒரு காலை முதலில் அந்தப் பக்கம் வைத்து, உடம்பை நுழைத்துக்கொண்டு போக வேண்டும். ஏதாவது ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அதை மட்டும் அடைத்துவிடுவதற்காக இந்த அமைப்பு. அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேதான். அம்மாவின் முழங்காலை நினைத்து முதல் வட்டத்திலேயே தயங்கினேன்.

வழிகாட்டி ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். “அம்மாகாரு, நிதானங்கா” என்று கைகொடுத்தார். அப்பா இந்தக் கப்பலில் இருந்தவர் என்று இந்தியில் சொன்னேன். முகம் மாறியது. “பெயர்?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா சொன்னாள். அப்பாவின் முழுப்பெயர், பெட்டி ஆபீசர் என்ற பதவி, பிறகு சர்வீஸ் நம்பர். ஓர் எண் தடுமாறவில்லை. அவள் வாயால் அப்பா பெயரை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. ரேஷன் கடையில் கேட்டால்கூட “சொல்லுளா” என்று என்னைத்தான் பார்ப்பாள். பிறகு கேட்டதற்கு, “வாரம் ரெண்டு கவர் எழுதுனவளுக்கு நம்பர் மறக்குமா? நம்பர் இல்லன்னா லெட்டர் போய்ச் சேராது” என்றாள். ஊருக்கு வந்த பிறகு அவள் எழுதிய கடிதமெல்லாம் பெயர், நம்பர், கப்பல் பெயர், ‘ஃப்ளீட் மெயில் ஆபீஸ்’ என்ற முகவரிக்குத்தான் போகும். கப்பல் கரைக்கு வந்த அன்றைக்குக் கட்டாகக் கையில் கிடைக்கும்.

வழிகாட்டி தொண்ணூறுகளில் சேர்ந்தவர். அப்பாவைத் தெரியவில்லை. ஆனால் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொண்டார். எலக்ட்ரிக்கல் என்றதும் கூட்டத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடேயே வந்தார். காலுக்குக் கீழே தரையைக் காட்டினார். அதற்கடியில்தான் பேட்டரிகள், வரிசை வரிசையாக. மேலே மிதக்கும்போதோ, தண்ணீருக்கு மேல் காற்றுக்குழாயை மட்டும் நீட்டிக்கொண்டு போகும்போதோதான் டீசல் இன்ஜின் ஓடும், பேட்டரி சார்ஜ் ஆகும். முழுதாக முங்கிவிட்டால் மின்மோட்டார்தான், அதுவும் இந்தப் பேட்டரியில். எவ்வளவு நேரம் அடியில் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அது அளவுக்கு மேல் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அப்பா மாதிரி ஆட்கள் அந்தத் தாழ்ந்த இடத்துக்குள் படுத்தபடி ஊர்ந்துபோய், ஆசிட் அளவையும் வாயு அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“அம்மா, மொத்தம் எழுபத்தைந்து பேர். இவருடைய வேலை தப்பினால் எழுபத்தைந்தும் போச்சு” என்றார்.

அம்மா குனிந்து தரையைத் தொட்டாள். கும்பிடவெல்லாம் இல்லை. அடுப்பு மேடை சூடாக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

படுக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நம் வீட்டுப் பரணைவிட ஒடுக்கம். ஒருவர் எழுந்து டியூட்டிக்குப் போனால் அந்தச் சூட்டிலேயே அடுத்தவர் படுப்பாராம். குடிக்கிற தண்ணீருக்கே அளவு, குளியலைப் பற்றிப் பேச்சில்லை. எனக்கு அப்பாவின் பழக்கங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வீட்டில் அரை வாளித் தண்ணீரில் குளித்து முடிப்பார். பெரிய கட்டிலில் சுவரோரம் ஒருச்சாய்த்துத்தான் படுப்பார், கையைக் காலை நீட்ட மாட்டார். “இதனாலதானோம்மா?” என்று கேட்டேன். அம்மா யோசித்தாள். “தண்ணி விசயம் இதுனாலதான். படுக்கது அப்பிடி இல்ல. சின்னதுலயே ஒங்கப்பா அப்பிடித்தான் சுருண்டு படுப்பாவன்னு ஒங்க ஆச்சி சொல்லுவா” என்றாள்.

சாப்பாட்டு மேஜைப் பக்கம் கொஞ்சம் உட்கார வேண்டும் என்றாள். தடுப்புக் கயிற்றை வழிகாட்டி அவிழ்த்துவிட்டார். பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள் சத்தம் போடாமல் ஒதுங்கி நின்றார்கள், அதில் ஒருவன் அவளுடைய மஞ்சள் பையை வாங்கி வைத்துக்கொண்டான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “சார், இங்க லெட்டர் படிக்க வெளிச்சம் பத்துமா?” நான் மொழிபெயர்த்தேன். “பத்தும்மா. இங்கே பகல், ராத்திரி எல்லாம் விளக்குதானே” என்றார் அவர். அம்மா தலையை ஆட்டினாள்.

வெளியே வந்ததும் காசு கொடுக்கப் போனேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். எந்த வருடம் ரிட்டயர் ஆனார், ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் கேட்டார். அந்த ஓர் எழுத்துக் கதையைச் சொன்னோம். தன் நம்பரை எழுதிக்கொடுத்து, இனி எது தடங்கலானாலும் கூப்பிடச் சொன்னார்.

பூசம் போன மறுநாள் நிலவு கடலுக்கு மேலே பெரிதாக ஏறிவந்தது. மணலில் உட்கார்ந்து முரி மிக்சர் வாங்கினோம். பொரி, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை பிழிந்து காகிதக் கூம்பில் நாற்பது ரூபாய். அப்பாவும் அவளும் இங்கே வருவார்களா என்று கேட்டேன். “ரெண்டு தடவதான். கடலப் பாக்க வாங்கன்னா அவுகளுக்குச் சிரிப்பா வரும். மொதல்ல சினிமாவுக்குப் போவோம்பாக.”

பிப்ரவரி 13, வியாழன்

மல்காபுரத்திலிருந்து அந்த அக்கா மகனோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். ஆவக்காய் ஒரு பாட்டில், வடியம் ஒரு பொட்டலம், அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு மஞ்சள் குங்குமத்தோடு ரவிக்கைத் துணி. பிறந்த வீட்டிலிருந்து கிளம்புகிற பெண்ணுக்குச் செய்கிற மாதிரி. அம்மா கையிலிருந்த இரண்டு வளையலில் ஒன்றைக் கழற்றப் போனாள், அவர் விடவில்லை.

ராத்திரி ரயிலில் ஆவக்காய் எண்ணெய் கசிந்து மஞ்சள் பைக்குள் இறங்கிவிட்டது. பதறிப்போய் எல்லாவற்றையும் எடுத்து உதறினேன். நல்லவேளை, அசல் காகிதங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. நனைந்தது ஜெராக்ஸ் மட்டும். கூபே முழுக்கக் கடுகும் நல்லெண்ணெயும் மணந்தன. மேல் படுக்கையில் இருந்தவர் இறங்கிவந்து, எந்த ஊர் ஊறுகாய் என்று கேட்டார். அம்மா அவருக்கு இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தாள், தயிர்சாதத்துக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு, வீடு

நேற்றுக் காலையில் வந்து சேர்ந்தோம். கால்வலி இன்னும் தீரவில்லை, வெந்நீர் ஒத்தடம் நடக்கிறது.

இரண்டு நாளாக ராத்திரி ஏழு மணிக்கு மல்காபுரத்துக்குப் போன் போகிறது. கூடத்தில் அம்மா சத்தமாகத் தெலுங்கு பேச, என் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். சின்னவன் ‘ரண்டி ரண்டி’ (வாங்க, வாங்க) என்று கற்றுக்கொண்டு விட்டான்.

இன்று பேசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். கனகமகாலட்சுமிக்கு மார்கழி வியாழக்கிழமைகள் விசேஷமாம், ஊரே திரண்டு நிற்குமாம், அதற்கு வந்தே ஆக வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். “அவுங்களுக்கு மார்கழி நம்ம கார்த்திகையிலயே பொறந்துரும். தம்பியும் வாரேன்னுட்டான். டிக்கெட் போடு” என்றாள்.

“இப்ப போட முடியாதும்மா. அறுபது நாளைக்கு முன்னாடிதான் திறப்பாங்க.”

“அப்ப என்னைக்குத் தொறப்பான்?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். நாள்காட்டியில் அவ்வளவு தூரத்துத் தாளைத் தேடிப் பிடித்து, ஓரத்தை மடக்கிவைத்துவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து தைலத்தை எடுத்தாள்.